பாட்டி விளக்கில் தங்க பெயின்ட்: வாசகர் கேள்வி பதில்

பழைய பித்தளைச் சாமான்களைப் பராமரிப்பது பற்றி சென்ற முறை எழுதியதும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்டன. யாரோ எப்போதோ பூசிவிட்டுப் போன பெயின்ட்டை எப்படி எடுப்பது? அதனால் இந்த முறை பகுதி முழுவதும் அதற்கே. எல்லாருக்கும் பொதுவாக ஒன்று மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்: பெயின்ட்டை எடுப்பது பெரிய வேலை இல்லை, எப்படியும் வந்துவிடும். அதற்கு அடியில் என்ன உலோகம், அதன் மேல்தோல் எப்படிப்பட்டது என்று தெரியாமல் கை வைத்தால்தான் ஆபத்து, ஏனென்றால் அது போனால் திரும்ப வராது.

எங்கள் பாட்டியின் குத்துவிளக்கு ஜோடி, மூன்றடி உயரம். அக்கா கல்யாணத்தின்போது மண்டபத்தில் பளிச்சென்று தெரியட்டும் என்று மாமா இரண்டுக்கும் தங்க நிற பெயின்ட் அடித்துவிட்டார். இப்போது அது பழுப்பாகி, திரி வைக்கும் இடத்தில் கருகி, ஏற்றினால் நாற்றம் வருகிறது. புளி, எலுமிச்சை, பாத்திரப் பொடி எல்லாம் போட்டுத் தேய்த்தாகிவிட்டது, அசையவில்லை. பட்டறையில் பஃபிங் போட்டால் புதுசாகிவிடும் என்கிறார்கள். கொடுக்கலாமா?
வாசகி, கும்பகோணம்

கொடுக்காதீர்கள் அம்மா. பஃபிங் சக்கரம் பெயின்ட்டை மட்டும் பார்த்து எடுக்காது, பித்தளையையும் சேர்த்துத்தான் வழிக்கும். அன்னத்தின் இறகில் உளியால் கீறிய கோடுகள், தண்டில் உள்ள வளையங்களின் விளிம்பு, அடித்தட்டில் யாராவது பெயர் வெட்டியிருந்தால் அந்த எழுத்து, எல்லாம் மழுங்கிவிடும். அப்புறம் கடையில் வாங்கின புது விளக்குக்கும் பாட்டி விளக்குக்கும் வித்தியாசம் இருக்காது.

புளியையும் நிறுத்திவிடுங்கள். புளியிலும் எலுமிச்சையிலும் இருக்கும் அமிலம் பித்தளையில் ஏறிய கறுப்பைக் கரைக்கும், பெயின்ட் படலத்தை ஒன்றும் செய்யாது. பெயின்ட் உதிர்ந்த இடங்களில் மட்டும் அது பித்தளையைத் தொட்டுக்கொண்டே இருக்கும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. அமிலம் அதிக நேரம் ஊறினால் மேற்பரப்பில் இருக்கும் துத்தநாகம் முதலில் கரைந்துபோய், செம்பு மட்டும் நின்று இளஞ்சிவப்பாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். உங்கள் விளக்கில் அங்கங்கே ரோஸ் நிறம் தெரிந்தால் காரணம் அதுதான், பயப்பட வேண்டாம், லேசாகத் துடைத்தால் போய்விடும்.

தங்க பெயின்ட் ஏன் பழுப்பானது என்றால், விலை குறைந்த தங்க பெயின்ட்டில் மினுக்குவது பெரும்பாலும் செம்பும் துத்தநாகமும் கலந்த நுண்ணிய பொடிதான். மேலே இருக்கும் வார்னிஷ் தேய்ந்ததும் அந்தப் பொடி கறுக்க ஆரம்பிக்கும்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் காந்தம். பிரிட்ஜில் ஒட்டும் சின்ன காந்தம் போதும். விளக்கில் ஒட்டிக்கொண்டால் அது இரும்பின் மேல் பித்தளை முலாம் பூசியது, அப்படியானால் தேய்க்கும் வேலையே கூடாது. ஒட்டவில்லை, கையில் நல்ல கனமாகவும் இருக்கிறது என்றால் வார்ப்புப் பித்தளை. பிறகு விளக்கைத் தலைகீழாகத் திருப்பி அடித்தட்டின் உட்பக்கத்தைப் பாருங்கள். எடைக்காக அரக்கோ பிளாஸ்டரோ உள்ளே அடைத்திருந்தால் அந்தப் பாகத்தைச் சுடுதண்ணீரில் போடக் கூடாது.

மூன்றடி விளக்கு என்றால் அன்னம், தட்டு, தண்டு, பீடம் என்று மரையில் கழன்று வரும். பெயின்ட் மரைக்குள் இறங்கி இறுக்கிப் பிடித்திருக்கும். அதற்காக ஸ்பானரோ இடுக்கியோ போட்டுத் திருகினால் பித்தளையில் பல் பதிந்துவிடும். மூட்டுவாயைச் சுற்றி அசிட்டோன் (நகப்பூச்சை அழிக்கவும் பயன்படும் கரைப்பான்) நனைத்த துணியைக் கட்டி, மேலே பாலித்தீன் சுற்றிக் கொஞ்ச நேரம் விட்டு, ரப்பர் கையுறை போட்ட கையால் திருகிப் பாருங்கள். வராவிட்டால் மறுபடியும் அதையே செய்யுங்கள்.

அடுத்தது சோதனை. கண்ணில் படாத இடத்தில், பீடத்தின் அடியில், பஞ்சில் கொஞ்சம் அசிட்டோன் நனைத்துச் சிறிது நேரம் அழுத்திப் பிடியுங்கள். பஞ்சில் தங்க நிறம் கரைந்து வந்தால் அது ஸ்ப்ரே டின் அல்லது லாக்கர் (வார்னிஷ் போன்ற மெல்லிய பூச்சு) வகை, அசிட்டோனை வைத்தே முழுக்க எடுத்துவிடலாம். ஒன்றும் வராமல் பெயின்ட் கல்லு மாதிரி நின்றால் எண்ணெய் கலந்த எனாமல், காய்ந்து இறுகியது. அதற்கு அசிட்டோனும் தின்னரும் ஊற்றிக்கொண்டே இருப்பது வீண்.

எனாமல் என்றால் சலவை சோடா. கழற்றிய பாகங்கள் மூழ்கும் அளவுக்குப் பழைய எவர்சில்வர் பாத்திரம் ஒன்று எடுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, சோடா அதை அரித்துவிடும். லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி சலவை சோடா போட்டு, கொதிக்கவிடாமல் கை பொறுக்காத சூட்டில் அரை மணி நேரம், பெயின்ட் தடிமனாக இருந்தால் இன்னும் கூடுதலாக வையுங்கள். கையுறையும் கண்ணாடியும் அவசியம். சூடான கார நீர் எனாமலில் இருக்கும் எண்ணெயைச் சோப்பாக மாற்றிவிடும். அதோடு சூட்டில் பித்தளையும் பெயின்ட்டும் ஒரே அளவில் விரிவதில்லை, அதனால் பிடிப்பு விட்டுப்போகும். வெளியே எடுக்கும்போது பெயின்ட் பாலாடை மாதிரி சுருங்கி நிற்கும். தேங்காய் நாரால் ஒரு தேய், தட்டையான இடமெல்லாம் வந்துவிடும்.

மிச்சம் இருப்பது இடுக்குகள்தான், பொறுமை அங்கேதான் வேண்டும். அன்னத்தின் அலகும் கழுத்தும் சேரும் மூலையில், இறகுக் கோடுகளுக்குள், கண்ணைச் சுற்றிய வளையத்தில் தங்க நிறம் பிடிவாதமாக உட்கார்ந்திருக்கும். மூங்கில் குச்சியை ஒரு பக்கம் உளி போலச் சீவிக்கொண்டு, நுனியைச் சோடா தண்ணீரில் நனைத்து, கோட்டின் போக்கிலேயே தள்ளுங்கள், குறுக்கே இழுக்காதீர்கள். மூங்கில் பெயின்ட்டை எடுக்கும், பித்தளையைக் கீறாது. நுனி மழுங்கினால் மறுபடி சீவிக்கொள்ளலாம். ஊசி, பிளேடு, ஸ்குரூ டிரைவர் எதுவும் வேண்டாம். இரும்புக் கம்பிச் சுருளும் வேண்டாம், அதன் துணுக்குகள் கோடுகளுக்குள் சிக்கி மழைக்காலத்தில் துருப்புள்ளிகளாகக் கிளம்பும்.

அசிட்டோனைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போய்ப் பக்கத்து அறை அடுப்பில் பற்றும். சமையலறையில் செய்யாதீர்கள், பூஜை அறையில் விளக்கு எரியும்போதும் செய்யாதீர்கள். மொட்டை மாடிதான் நல்ல இடம். சோடாவுக்குப் பயன்படுத்திய பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள்.

பித்தளைக் கைப்பிடிகளில் ஒட்டிய பெயின்ட்டுக்கு அமோனியா கலந்த தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்தால் போதும் என்று தெரிந்தவர் சொன்னார். சரிதானா?
வாசகர், கோயம்புத்தூர்

தவறு. பித்தளைக்கு ஆகாத பொருள்களில் முதலிடம் அமோனியாவுக்குத்தான். இதற்கு நம் நாட்டிலேயே நடந்த கதை ஒன்று இருக்கிறது. ஆங்கிலேய ராணுவம் மழைக்காலத்தில் துப்பாக்கித் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கிவைக்கும். மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் பித்தளை உறைகள் தானாகவே வெடித்துப் பிளந்திருக்கும். ஏன் என்று நெடுங்காலம் புரியவில்லை. 1921இல்தான் விளக்கம் கிடைத்தது. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அமோனியா, தட்டி இழுத்து உருவாக்கிய பித்தளையில் தங்கிப்போன இறுக்கத்தோடு சேர்ந்து விரிசல் விழ வைத்தது. தகட்டில் அடித்துச் செய்த கைப்பிடி, தாம்பாளம், சொம்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கண்ணாடி துடைக்கும் திரவங்கள் சிலவற்றிலும் அமோனியா உண்டு, லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

செட்டிநாட்டு வீடு, என் தாத்தா காலத்தில் கட்டியது. முகப்பில் வார்ப்பிரும்புத் தூண்கள், மேலே பூ வேலைப்பாடு, ஜன்னலில் வார்ப்புக் கம்பிகள். வருடா வருடம் பெயின்ட் அடித்து அடித்து இதழ்கள் எல்லாம் உருண்டை உருண்டையாகிவிட்டன. பெயின்டர் கேஸ் பர்னர் வைத்து எரித்துவிட்டு கிரைண்டர் போட்டால் இரண்டு நாளில் முடியும் என்கிறார். வீட்டில் பேரக்குழந்தைகள் இருக்கிறார்கள்.
வாசகர், தேவகோட்டை

குழந்தைகள் இருக்கிறார்கள் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள், ஐயா. நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பழைய எனாமலில் ஈயம், அதாவது லெட், இருக்கும். இந்தியாவில் வீட்டு பெயின்ட்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வந்தது 2016இல், நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முன் அடித்த அடுக்குகள் எல்லாவற்றையும் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள், ஆரஞ்சு, நல்ல சிவப்பு, சில பச்சைகள் இவற்றில் சந்தேகம் இன்னும் அதிகம். அடியில் இரும்பை ஒட்டிப் பளீரென்ற ஆரஞ்சு நிறத்தில் ஓர் அடுக்கு தெரிந்தால் அது ஈயச் செந்தூரமாக இருக்கலாம், துரு பிடிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் அதைத்தான் பூசினார்கள். நாம் இப்போது அடிக்கும் ரெட் ஆக்சைடு செங்கல் நிறம், அது இரும்பு ஆக்சைடு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஈயத்துக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்ற அளவே குழந்தைகளுக்குக் கிடையாது. மூளை வளர்ச்சியைத் தொடும் விஷயம் அது.

கேஸ் பர்னர் அந்த ஈயத்தைப் புகையாக்கும். கிரைண்டர் தூளாக்கி வீடு முழுக்கப் பரப்பும். பெயின்டர் வாயில் கட்டும் துண்டு எதையும் தடுக்காது, முதலில் பாதிக்கப்படுவது அவரும் அவரோடு வேலை செய்பவர்களும்தான். வார்ப்பிரும்புக்கும் அது கெடுதல். ஒரே இடத்தில் சூடு ஏறினால் வார்ப்பிரும்பு வளையாது, விரிசல்தான் விடும். கிரைண்டரின் கம்பிக் கிண்ணமோ நீங்கள் மீட்க நினைக்கும் அதே இதழ் விளிம்புகளை வழித்துவிடும்.

செட்டிநாட்டு வீடுகளின் வார்ப்புத் தூண்களில் பல பர்மிங்காமிலிருந்து கப்பலில் வந்தவை என்று சொல்வார்கள். எங்கிருந்து வந்தாலும் சரி, அந்த அச்சில் இன்னொன்று இன்று வார்க்க முடியாது. அதனால் தூண் முழுவதையும் உரித்தே ஆக வேண்டுமா என்று முதலில் யோசியுங்கள். வழவழப்பான தண்டுப் பகுதியில் பெயின்ட் கெட்டியாக, உதிராமல் இருந்தால் அப்படியே விடுங்கள். ஈர உப்புத்தாளால் லேசாகத் தடவி மேலே புது பூச்சு கொடுத்துவிடலாம், உள்ளே இருக்கும் ஈயம் அங்கேயே அடைபட்டுக் கிடக்கும். வேலைப்பாடு மூழ்கிப்போன தலைப்பகுதியை மட்டும் எடுங்கள்.

எடுப்பதற்கு முன் ஒன்று செய்து பார்க்கச் சொல்வேன். தூணின் பின்பக்கம் ரூபாய் நாணய அளவுக்கு ஓரிடத்தில், நுண்ணிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலோட்டமாகவும் வட்டமாகத் தேயுங்கள். அடுக்குகள் வளையம் வளையமாகத் தெரிய ஆரம்பிக்கும். வெளியே நீங்கள் போன பொங்கலுக்கு அடித்த நிறம், உள்ளே அப்பா காலத்து நிறம், நடுவே தாத்தா முதலில் தேர்ந்தெடுத்த நிறம். மறுபடி அடிக்கும்போது அந்த நிறத்தையே கொண்டுவரலாம், எவ்வளவு நல்லது!

எடுக்கும் முறை: தூசி பறக்காத முறைதான் ஒரே வழி. பசை வடிவ பெயின்ட் ரிமூவரைத் தடிமனாக அப்பி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் காயாமல் வைத்து, பெயின்ட் இளகியதும் மரக் கரண்டியாலும் நைலான் பிரஷாலும் வழித்தெடுக்க வேண்டும். தரையில் ஆத்தங்குடி ஓடு இருக்குமே, அதை முதலில் கெட்டியான பிளாஸ்டிக் விரித்து மூடுங்கள். சிமென்ட் ஓட்டில் ரசாயனமோ வினிகரோ சொட்டினால் கறை நிரந்தரம். காரம் சேர்ந்த ரிமூவர் பசை தேக்கில் பட்டால் மரம் கறுத்துப்போகும், நிலைக்கதவையும் உத்தரத்தையும் மூடிவிடுங்கள். செய்பவருக்கு நுண்தூசியைத் தடுக்கும் பி100 வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும். விழுந்ததைத் துடைப்பத்தால் கூட்டக் கூடாது, ஈரத் துணியால் அள்ளிக் கட்டி, குழந்தைகள் கை படாமல் அப்புறப்படுத்த வேண்டும். வேலை முடியும் வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேறு வீட்டில் இருக்கட்டும். ஏற்கெனவே ஜன்னல் கம்பியிலிருந்து பெயின்ட் உதிர்ந்துகொண்டிருந்தால், பேரக்குழந்தைகளுக்கு ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்கும் பரிசோதனை ஒன்றைக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

கழுவிய இரும்பு கண் முன்னாலேயே துருப்பிடிக்க ஆரம்பிக்கும். அதனால் ஒரே நாளில் எவ்வளவு எடுத்து, கழுவி, நன்றாகக் காயவைத்து, ப்ரைமர் அடிக்க முடியுமோ அவ்வளவு மட்டும் எடுங்கள். இரண்டு நாளில் முடியாது. ஒரு தூணுக்கே அதைவிட அதிகம் ஆகும், ஆகட்டும்.

கடையில் வாங்கிய பெயின்ட் ரிமூவரைக் குளியலறையில் வைத்துத் திறந்தேன், கொஞ்ச நேரத்தில் தலை சுற்றல், வாந்தி வருவது போல் இருந்தது. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்குமா?
வாசகர், மதுரை

டப்பாவில் மெத்திலீன் குளோரைடு அல்லது டைகுளோரோமீத்தேன் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இரண்டும் ஒன்றுதான். 40 டிகிரியிலேயே கொதித்துவிடும் திரவம் அது, மதுரை சித்திரை வெயிலுக்கு மூடியைத் திறந்ததுமே ஆவியாகும். ஆவி கனமானது, குளியலறை போன்ற மூடிய இடத்தில் தேங்கி நிற்கும். உடம்புக்குள் போனதும் அதில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது, இதய நோய் உள்ளவர்களுக்கு அது நேரடி ஆபத்து. அமெரிக்காவில் குளியல் தொட்டிகளை உரிக்கும் வேலையில் பலர் இறந்துபோன பிறகு, 2019இல் இந்த ரிமூவரைப் பொதுமக்களுக்குச் சில்லறையில் விற்பதைத் தடை செய்தார்கள். சாதாரண ரப்பர் கையுறையை இது ஊடுருவிவிடும்.

எனக்கு இதில் இரண்டாவது கருத்தே கிடையாது. வீட்டில் இதைத் தொடாதீர்கள். பென்சைல் ஆல்கஹால் சேர்ந்த ரிமூவர்கள் கிடைக்கின்றன, மெதுவாகத்தான் வேலை செய்யும், ராத்திரி பூசி மூடிவைத்துக் காலையில் எடுக்க வேண்டியிருக்கும். அதுவும் ஜன்னல் திறந்த இடத்தில்.

பழைய பொருள் கடையில் ஒரு பெண் உருவச் சிலை வாங்கினேன், வெளிநாட்டு வேலைப்பாடு, வெண்கலம் என்று சொன்னார்கள். மேலே பச்சை பெயின்ட் அடித்திருக்கிறது. காஸ்டிக் சோடாவில் போட்டால் சுத்தமாகிவிடும் என்று படித்தேன்.
வாசகி, சென்னை

போட்டுவிடாதீர்கள். முதலில் அடியில் திருப்பி, உள்விளிம்பில் ஊசியால் மிகச் சிறிதாக ஒரு கீறல் போட்டுப் பாருங்கள். மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ தெரிந்தால் வெண்கலம் அல்லது பித்தளை. வெள்ளி போலச் சாம்பல் நிறத்தில் தெரிந்தால் அது துத்தநாக வார்ப்பு. சுண்டிப் பார்த்தாலும் தெரியும், வெண்கலம் மணி போல ஒலிக்கும், துத்தநாகம் மொத்தென்று இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சிலும் ஜெர்மனியிலும் வெண்கலச் சிலை வாங்க முடியாத நடுத்தரக் குடும்பங்களுக்காக இப்படி துத்தநாகத்தில் வார்த்து, மேலே வெண்கல நிறம் ஏற்றி விற்றார்கள். தனித்தனியாக வார்த்த கை, தலை, உடல் எல்லாம் ஈயப் பற்றில் ஒட்டியிருக்கும்.

துத்தநாகம் காஸ்டிக் சோடாவில் கரையும், பற்றிக்கொள்ளக்கூடிய ஹைட்ரஜன் வாயு கிளம்பும். அமிலத்திலும் கரையும். வெண்கலத்துக்குச் செய்வது எதுவும் இதற்கு ஆகாது, சுடுதண்ணீர்கூட வேண்டாம். இன்னொன்று, அந்தப் பச்சை பிறகு அடித்ததுதானா? வெண்கலம் வெளியில் நின்று களிம்பேறிய மாதிரி காட்ட, தொழிற்சாலையிலேயே பச்சை பூசி விற்றதும் உண்டு. லென்ஸ் வைத்துப் பாருங்கள். பச்சை மடிப்புகளுக்குள் மட்டும் மெல்லியதாக இறங்கி, மேடான இடங்களில் பழுப்பு தெரிந்தால் அது பெரும்பாலும் ஆதியிலிருந்தே இருப்பது, விட்டுவிடுங்கள். மூக்கு, விரல், துணி மடிப்பு எல்லாவற்றையும் மூடிக்கொண்டு பிரஷ் கோடுகளோடு தடிமனாக இருந்தால் பின்னால் யாரோ அடித்தது. அப்போதும் ரிமூவர் ஊற்றினால் அடியில் உள்ள வெண்கல நிறமும் சேர்ந்து வந்துவிடும். பஞ்சுக் குச்சியில் துளி அசிட்டோன், ஒரு விரல்நக அளவு இடம், பழுப்பு எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட்டு அடுத்த இடம். பஞ்சில் பழுப்பு ஒட்டினால் அதோடு விட்டுவிடுங்கள். பச்சை பெயின்ட்டோடு இருக்கும் முழுச் சிலை, சாம்பல் நிறத்தில் உரிந்து நிற்கும் சிலையைவிட எவ்வளவோ மேல்.

பிதர் பூச்சாடியில் சுவர் பெயின்ட் தெறித்துவிட்டது. வெள்ளிப் பூவேலையைச் சுற்றி வெள்ளைப் புள்ளிகள்.
வாசகி, பெங்களூரு

பிதர் வேலை என்பது கர்நாடகத்தின் பிதர் ஊர்க் கைவேலை; உலோகம் பெரும்பங்கு துத்தநாகம், கொஞ்சம் செம்பு. அந்த அழகான கறுப்பு நிறம் பெயின்ட்டால் வந்தது இல்லை, பிதர் கோட்டை மண்ணைக் கொண்டு உலோகத்தின் தோலிலேயே வரவழைத்தது. அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் வீட்டில் திரும்பக் கொண்டுவர முடியாது. தெறித்தது சுவருக்கு அடிக்கும் எமல்ஷனாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சை ஒவ்வொரு புள்ளி மேலும் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் இளகும், விரல் நகத்தாலேயே எடுத்துவிடலாம். புளி, பாலிஷ், சோடா எதுவும் கிட்டவே வரக் கூடாது.

பித்தளை மயில் ஒன்று, தோகையில் சிவப்பும் பச்சையும் நீலமும் பூசியிருக்கிறது, பாதி உதிர்ந்துவிட்டது. மீதியையும் எடுத்துவிட்டுப் பளபளவென்று வைக்கலாமா?
வாசகர், திருநெல்வேலி

அந்த நிறங்கள் செதுக்கிய குழிகளுக்குள் மட்டும் நிறைந்து, மேற்பரப்போடு சமமாக நிற்கின்றனவா என்று பாருங்கள். அப்படியென்றால் அது மொராதாபாத் பக்கத்து வேலையாக இருக்கலாம். பித்தளையில் கீறிய கோடுகளுக்குள் வண்ண அரக்கை நிரப்புவது அங்கே பழைய வழக்கம். அது அழுக்கு இல்லை, செய்தவரின் கைவேலையே அதுதான். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், சூட்டில் இளகும், அதனால் உலர்ந்த மெல்லிய துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள். உதிர்ந்தது உதிர்ந்ததாகவே இருக்கட்டும்.

எங்கள் குலதெய்வக் கோயிலில் பழைய பஞ்சலோகத் திருமேனி ஒன்றுக்கு யாரோ வர்ண பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கும்பாபிஷேகத்துக்கு முன் நாங்களே சுத்தம் செய்துவிடலாம் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள்.
வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

அந்த இளைஞர்களின் பக்தியை நான் மதிக்கிறேன், ஆனாலும் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பழைய செப்புத் திருமேனியின் மேல் படிந்திருக்கும் கரும்பச்சை உறைதான் அதைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது. அதற்கு அடியில் உப்பு இறங்கியிருந்தால், பெயின்ட்டோடு அந்த உறையும் போன பிறகு, ஈரக் காற்றில் வெளிர் பச்சைப் பொடியாகப் பூத்து உலோகத்தையே தின்ன ஆரம்பிக்கும். அமிலமும் உப்பும் சேர்ந்த எதைத் தடவினாலும் அந்த நோய்க்கு நாமே வழி திறந்ததாகும்.

நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலை என்றால் 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், உலோகச் சிற்பங்களுக்குப் பதிவும் உண்டு. பதிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நாலா பக்கமும் புகைப்படம் எடுத்து, அளவு குறித்துவைத்துவிட்டு, அறநிலையத்துறை வழியாகவோ நேரடியாகவோ எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைக் கேளுங்கள். அங்கே 1930களிலிருந்தே உலோகச் சிலைகளுக்கான வேதியியல் பாதுகாப்புக் கூடம் இயங்கிவருகிறது, செப்புத் திருமேனிகளைக் கையாண்ட அனுபவம் அவர்களுக்கு உண்டு. கும்பாபிஷேகம் பெயின்ட்டோடு நடந்தாலும் குறை ஒன்றும் இல்லை.

பெயின்ட்டை எடுத்துவிட்டேன். இப்போது பித்தளை மங்கலாக, அங்கங்கே பழுப்பாக இருக்கிறது. இனி என்ன செய்வது? லாக்கர் அடிக்கலாமா? எங்கள் உருளியில் மறுபடி சமைக்கலாமா?
வாசகி, நாகர்கோவில்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: உருளிக்கு யாராவது எப்போதாவது பெயின்ட் அடித்திருந்தால், அதில் இனி சமைக்க வேண்டாம். ஈயம் கலந்த துணுக்கு எந்தக் கீறலில் மிச்சம் இருக்கும் என்று சொல்ல முடியாது. தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்க விடுங்கள்.

மங்கலாக இருப்பது நல்லது. அந்தப் பழுப்பு பல வருடமாகத் தானே வந்தது, பெயின்ட்டுக்கு அடியில் தப்பிப் பிழைத்திருக்கிறது. ரொம்பத் திட்டாகத் தெரிந்தால் மட்டும் சாக்பீஸ் பொடியைத் தண்ணீரில் குழைத்து மெல்லிய துணியால் தடவி, மேடான இடங்களைக் கொஞ்சம் துலக்கி, பள்ளங்களைக் கறுப்பாகவே விட்டுவிடுங்கள். அப்போதுதான் வேலைப்பாடு எடுத்துக் காட்டும். பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் முழுக்க உலர்த்தி, நிறமில்லாத மெழுகை மிக மெல்லியதாகத் தடவி மெத்தென்ற துணியால் துடையுங்கள், காட்சிக்கு வைக்கும் பொருளுக்கு அது போதும். லாக்கர் அடிக்க வேண்டாம். நம் கடலோரக் காற்றில் அதில் ஒரு கீறல் விழுந்தால் போதும், உள்ளே ஈரம் புகுந்து புழு ஊர்ந்த தடமாகக் கறுக்கும், அப்புறம் அதை உரிக்க மறுபடியும் எனக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

ஏற்றும் விளக்காக இருந்தால் எண்ணெய் நிற்கும் தட்டுக்கும் திரி பக்கத்துக்கும் மெழுகும் வேண்டாம். அசிட்டோன் உபயோகித்திருந்தால் மரைகளைத் திறந்தபடியே ஒரு நாள் முழுக்கக் காற்றாட வைத்து, வாசனை அடியோடு போன பிறகு மூட்டுங்கள். மூட்டும்போது மரையில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் விட்டால், அடுத்த முறை கழற்றக் கஷ்டப்பட வேண்டியதில்லை.